கை வைத்தபோது சூடாக இருந்தது

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு வராது. நான் சொல்லப்போகிற மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறார். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள். அன்றைக்கு நடந்ததை நேரத்தோடு ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு நிமிடம்கூட நானாகக் கூட்டவில்லை.

அவருக்கு 'கறார்' என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருடமாகப் படகு இன்ஜின் மெக்கானிக். பழைய படகு வாங்குகிறவர்கள் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற மீட்டரை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் ஆயிலைத் தொட்டு விரலிடுக்கில் தேய்ப்பார். போல்ட்டுகளின் முனை மழுங்கியிருக்கிறதா என்று தடவுவார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். "மீட்டர்ல எழுநூறு. ஓடினது நாலாயிரம்" என்பார். விற்க வந்தவன் முகம் செத்துப்போகும்.

மனிதர்களையும் அப்படியே பட்டென்று எடைபோட்டுவிடுவார். அங்கேதான் வினை. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியபோது, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "இந்த ஆள் தாங்கமாட்டான்" என்று மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். கல்யாணத்துக்கும் போகவில்லை. அன்றிலிருந்து மூன்று வருடம் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"அண்ணா, பழைய போட் ஒண்ணு வாங்கப் போறோம். ஆளுங்களை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போற தொழில். இன்ஜினை நீ பார்த்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

"பார்க்கறேன்" என்றார். அவ்வளவுதான். ஆனால் போனை வைத்த பிறகு, துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் காலை 6.10. படகுத்துறையில் விற்கிறவர் காத்திருந்தார். ஐம்பது வயது ஒல்லி மனிதர். சாவியை நீட்டினாரே தவிர, படகில் காலை வைக்கவில்லை.

கறார் இறங்கினார். பலகை மூடியைத் தூக்கி இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

சூடு.

விற்கிறவர்கள் செய்கிற பழைய தந்திரம் அது. குளிர்ந்து கிடக்கிற இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். திணறும், புகை கக்கும். அது தெரியக்கூடாது என்று, ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார்கள்.

"எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?"

"நான் பண்ணலை."

"கை சுடுதே."

"வெயில்ல கிடந்தது..."

வெயில் இன்னும் வந்திருக்கவே இல்லை.

மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆயில் தேன் மாதிரி இருந்தது. போல்ட் முனைகள் கூராக இருந்தன. மீட்டரில் 611.4. நிஜமும் அவ்வளவுதான் இருக்கும் என்று அவருக்கே பட்டது. அந்தச் சூடு மட்டும்தான் உறுத்தியது.

யாரும் ஏமாற்ற முடியாதபடி ஒரு காரியம் செய்தார். பேட்டரியைக் கழற்றினார். டீசல் வருகிற குழாயை உருவினார். இரண்டையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல கொண்டு வர்றேன். இன்ஜின் ஜில்லுன்னு இருக்கணும்."

ஒல்லி மனிதர், "நீங்க கழட்டினாலும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை 5.40. துறை முழுக்கப் பனிமூட்டம். ஒல்லி மனிதர் துறை ஓரத்தில் நின்றிருந்தார். தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அண்ணனும் தங்கச்சியும் மூன்று வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்க்கிறார்கள்.

"இளைச்சுட்டியே அண்ணா" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படகுப் பக்கம் நடந்தார்.

5.52. பேட்டரியை வண்டியிலேயே விட்டுவிட்டு, தனியாகப் படகில் இறங்கினார். மூடியைத் தூக்கினார்.

அனல் முகத்தில் அடித்தது.

கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். உள்ளங்கை பொசுங்கினது மாதிரி எரிந்தது.

மீட்டரைப் பார்த்தார். 618.9.

ஏழரை மணி நேரம். பேட்டரி இல்லாமல். ஒரு சொட்டு டீசல் உள்ளே போக வழியில்லாமல்...

அப்போதுதான் ஓடி நின்ற படகு மாதிரி, புகைக்குழாயிலிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்...

5.54.

டொக்.

சத்தம் வெளியே இருந்து வந்தது. படகின் இடது பக்கம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே.

ஏதாவது கட்டை மிதந்து வந்து மோதியிருக்கும் என்று நினைத்தார்.

டொக்... டொக்...

இப்போது பின்பக்கம்.

கட்டை இப்படிச் சுற்றி வராது.

எட்டிப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு சுழிப்புகூட இல்லை.

டொக்.

வலது பக்கம். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்.

படகின் விளிம்பில் ஈரம். நான்கு விரல் அகலத்துக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்குப் பக்கத்தில் இன்னும் நான்கு...

படகு சாய்ந்தது.

மெதுவாக.

ஒரு ஆள் தொற்றி ஏறுகிற கனம்.

மூச்சு வாங்குகிற சத்தம்... நீந்திக் களைத்தவன் மூச்சு.

அவர் துறையைத் திரும்பிப் பார்த்தார். ஒல்லி மனிதரும் அந்தச் சாய்ந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஈரம் வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று.

படகு நிமிர்ந்தது.

5.56.

துறையில் ஏறித் தங்கச்சியிடம் வந்தார். "வேண்டாம்மா. இதை வாங்காதே."

"ஏன்?"

என்னவென்று சொல்வது? "மீட்டர்ல ஏதோ பண்ணியிருக்காங்க. இன்ஜின் கொதிக்குது."

மாப்பிள்ளை இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தார். குனிந்து மீட்டரையும் பார்த்தார். "ஜில்லுன்னுதான் இருக்கு மச்சான். 611.4. நீங்க நேத்து சொன்ன அதே நம்பர்."

பேட்டரியையும் குழாயையும் மாட்டியதும், முதல் திருகலிலேயே இன்ஜின் எழுந்தது. புகை இல்லை, திணறல் இல்லை. கறார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குறை சொல்ல ஒரு சத்தம் அகப்படவில்லை.

கண்ணைத் திறந்தபோது தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மாறவே இல்லை அண்ணா. அவர் ஒரு தொழில் செஞ்சு முன்னுக்கு வந்துட்டா, அன்னைக்கு நீ சொன்னது பொய்யாயிடும். அதுதானே உனக்கு?"

படகை அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு போன் வந்தது. குரலில் நெருப்பு.

"தினமும் காலைல அவர் போறதுக்கு முன்னாடியே இன்ஜின் சூடா இருக்கு. யாரும் இல்லாத நேரத்துல வந்து ஓட்டிட்டுப் போறது நீதானே? உன்னைத் தவிர யாருக்கு அந்த வித்தை தெரியும்? அந்த போட்டைக் கெடுத்துட்டா உன் மனசு குளிர்ந்துடுமா?"

"நான் இல்லம்மா... ஒரு நிமிஷம் கேளு..."

வைத்துவிட்டாள்.

படகு பட்டறையில் வெல்டிங் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த வாரம் ஒரு வேலையாக அங்கே போன கறார், பேச்சுவாக்கில் அந்தப் படகைப் பற்றிக் கேட்டார். வெல்டர் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அது வித்தவரோட போட் இல்ல. அவர் தம்பியோடது. போன வருஷம் ஒரு நாள் காலைல தம்பி தனியாப் போயிருக்கான். கரைக்குத் தெரியற தூரம்தான். எப்படியோ வழுக்கித் தண்ணில விழுந்துட்டான். ஸ்டீயரிங் ஒரு பக்கமாத் திரும்பி நின்னுடுச்சு. ஆள் இல்லாத போட் அவனைச் சுத்திச் சுத்தி வந்திருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் கிட்ட வந்திருக்கும். எட்டிப் பிடிக்கப் பார்த்திருப்பான். வழுக்கியிருக்கும். ஏழரை மணி நேரம் சுத்தி, சாயங்காலம் டீசல் தீர்ந்துதான் போட் நின்னுச்சு. அப்ப அவன் இல்ல."

"யாரும் பார்க்கலையா?"

"ஒருத்தர் பார்த்தார். கரையில உக்காந்து முழு நாளும் பார்த்தார். போட் வட்டம் போடறது மட்டும்தான் அவருக்குத் தெரிஞ்சுது."

"யாரு?"

"அண்ணன்தான். உங்க தங்கச்சிக்கு வித்தாரே, அவரேதான். ரெண்டு பேருக்கும் நாலு வருஷமாப் பேச்சு இல்ல. ஏதாவது கோளாறுன்னா அவனே வந்து கூப்பிடட்டும்னு உக்காந்திருந்தாராம். இதை அவர் வாயாலயே சொன்னார்."

கறார் அங்கேயே நின்று தங்கச்சிக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. நேரில் போனார். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

பக்கத்தில் போனாலே அவள் விலகிப் போய்விடுகிறாள்; இன்றுவரை அவளிடம் அவரால் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் தன் பட்டறையை நாலு மணிக்கே சாத்திவிடுகிறார். நேராகக் கரைக்குப் போய் நின்றுகொண்டு, மாப்பிள்ளை படகைத் திருப்பிக்கொண்டு வருகிறாரா என்று பார்க்கிறார். துறையில் டிக்கெட் கிழிக்கிற தங்கச்சி, பக்கத்தில் நிற்கிறவர்களிடம், "பாருங்க, எப்ப கெட்டுப்போகும்னு பார்க்க வந்து நிக்கறாரு" என்பாள். அவர் காதில் விழவேண்டும் என்றுதான் சொல்வாள்.

விழும். மாப்பிள்ளை கயிற்றைக் கட்டித் துறையில் கால் வைத்ததைப் பார்த்த பிறகுதான் அவர் கிளம்புவார்.