தெற்கே மேகம்

அப்துல் மாலிக் பாய் இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அரியக்குடிக்குத் தெற்கே, கண்மாயைப் பார்த்த வீடு அவருடையது. இதயம் வீங்கி, இரண்டு காலிலும் நீர் கோத்துப் படுத்த பிறகு, கடைசி இரண்டு மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். மாத்திரையை நேரத்துக்கு விழுங்குவார். உப்பில்லாக் கஞ்சியைத் திட்டிக்கொண்டே குடிப்பார். நல்ல நோயாளி.

அவர் கேட்டது ஒன்றுதான். தென்கடலில் போகும்போது கப்பல் அதிகாரி பைனாகுலரில் காட்டிய நட்சத்திரக் கூட்டத்தை மனைவி சைதுன் பீவிக்குக் காட்ட வேண்டும். மாசியில் இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியுமாம், தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே.

“நம்ம பால்வெளிக்குப் பக்கத்துல இன்னொரு பால்வெளி இருக்கு, நர்சம்மா. அதுல இருக்கு. முதல்ல ஒரே நட்சத்திரம்னுதான் நெனச்சாகளாம். அப்புறம் பாத்தா கூட்டம். எல்லாம் இளசு. ஒவ்வொண்ணும் சூரியனைவிடப் பல மடங்கு பெருசு.”

“வீட்டுக்காரிய இங்குட்டு விட்டுட்டுக் குமரிகளப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீக,” என்றார் சைதுன்.

“குண்டுக் குமரிக,” என்றார் பாய். சிரித்ததில் இருமல் வந்தது. முதுகைத் தடவிவிட்டேன்.

சைதுனுக்கு மூட்டுவலி. ஏறினால் அவரோடுதான் ஏறுவேன் என்றார். பாயை நாற்காலியோடு தூக்கிப்போகப் பக்கத்து வீட்டு சோணைமுத்துவும் அவர் தம்பியும் தயார். பனியில் உட்காரவைக்க எனக்குத்தான் மனமில்லை. வானம் சுத்தமாக இருந்தால் மட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அமாவாசைக்கு முந்தின ஐந்து நாளும் ஏறிப் பார்த்தேன். தலைக்கு மேல் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. தெற்கே, அவர் சொன்ன இடத்தில் மட்டும், வெளிறிய சின்ன மேகத் துண்டு. ஐந்து நாளும் இறங்கிவந்து, “தெக்க மேகமா இருக்கு பாய், நாளைக்குப் பாப்போம்” என்றேன். “சரிம்மா” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆறாம் நாள் விடியலில் இறந்துபோனார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் ஆக்சிஜன் மெஷினை எடுத்துவரப் போனேன். வண்டி வர எட்டு மணி ஆகிவிட்டது. மாடியில் காய்ந்த போர்வைகளை எடுக்க ஏறினேன். மேகத் துண்டு அதே இடத்தில் இருந்தது. காற்று பலமாக வீசியது. அது அசையவில்லை.

இறங்கிவந்து கேட்டேன். “பாயம்மா, தெக்க ஒரு மேகம் நகரவே மாட்டேங்குதே?”

“அது மேகம் இல்ல. அந்தப் பால்வெளி புகை மாதிரித்தான் தெரியும்பாக. அதுக்குள்ளதான் அவுக சொன்ன கூட்டம்.”

சின்ன மேகம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் பாய்க்குப் புரிந்திருக்கும். பார்த்ததைப் பார்த்தபடி அளவோடு சொல்லத்தான் எனக்குப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஐந்து நாளும் அளவு சொல்லாமல் விட்டேன். எனக்கு அந்த மேகம் வசதியாக இருந்தது.

சைதுனின் முழங்காலில் துணியைச் சுற்றி, ஒவ்வொரு படியாக ஏற்றினேன். நாற்காலியில் உட்காரவைத்துப் பாய் வைத்திருந்த பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“நடுவுல ஒரு பொட்டு தெரியுது... அன்னைக்கெல்லாம் மேகம்னீகளே, அது இதுதானா?”

“இதுதான்.”

அவர் பைனாகுலரை இறக்கவில்லை.

“பனி விழுகுது, கீழ போவோம்,” என்றேன்.

“நீங்க போங்க,” என்றார்.