தொண்ணூறாம் நாள் தண்ணீர்

மீன் கருக்கள் செத்ததை நான் மறைத்தேன். மறைத்ததோடு நிற்கவில்லை, அதைக் கண்டு சொன்னவளை வேலை தெரியாதவள் என்று எழுதியும் கொடுத்தேன்.

இதோ, சொல்லிவிட்டேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது இவ்வளவுதானா!... இல்லை, இன்னும் இருக்கிறது. நீங்கள் பாதியில் எழுந்து போய்விடக் கூடாது. முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் ஆராய்ச்சியாளராக இருந்தேன். படித்தது பொருளறிவியல், அதாவது மெட்டீரியல்ஸ் சயின்ஸ். பனியன் கம்பெனிகளில் வெட்டி எறியும் துணித் துண்டுகளைக் காற்றுப் புகாத உலையில் கரியாக்கி, மிளகளவு மணிகளாக உருட்டி, அவற்றின்மேல் மெல்லிய செம்புப் பூச்சை ஏற்றினேன். கரி, சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். செம்பு, கிருமியைக் கொல்லும். இந்த ஊர் எறியும் குப்பையே இந்த ஊரின் தண்ணீரைச் சுத்தம் செய்யும்!

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதிலேயே மயங்கிக் கிடந்தேன்.

என் அப்பா வேலம்பாளையத்தில் சாயப்பட்டறை மேஸ்திரியாக இருந்தவர். பள்ளியில் கூடப் படித்த ஒரு விவசாய வீட்டுப் பெண், "உங்கொப்பனாலதான் எங்க கெணறு கெட்டுப்போச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அவளுக்குப் பதில் சொல்லவே இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று பிற்பாடு மேடைகளில் பேசியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் எனக்குப் பெயரும் வேண்டியிருந்தது. அதை மேடையில் சொன்னதில்லை.

தண்ணீர் கண்ணுக்குத் தெளிந்தால் போதாது, அது உயிருக்குக் கெடுதல் இல்லாததா என்றும் பார்க்க வேண்டும். அதற்காக எங்கள் திட்டத்தில் சேர்ந்தவள் செல்வராணி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி; உயிர்மருத்துவம் படித்தவள். விரல் நீள மீன்களின் முட்டைகளை, மணிகள் வடித்த தண்ணீர் ஊற்றிய தட்டில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் நாள்தோறும் பார்ப்பாள். கண்ணாடி போன்ற முட்டை. உள்ளே இதயம் துடிப்பது தெரியும். முதன்முதலாகக் காட்டியபோது நான் மூச்சு விடவும் மறந்து பார்த்திருக்கிறேன்.

புது மணிகள் வடித்த தண்ணீரில் எல்லா முட்டைகளும் நன்றாகப் பொரிந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

குண்டடம் போகும் வழியில் ஒரு தோட்டம். அங்கே ருக்மணியம்மா என்பவரும் அவர் கணவரும் சின்ன வெங்காயம் போட்டிருந்தார்கள். எவனோ லாரியில் கொண்டுவந்து ஓடையில் கொட்டிய சாயக்கழிவு ஊறி, அவர்கள் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிக் கிடந்தது. அங்கேதான் அந்த மணிகளை நிரப்பிய எங்கள் வடிகலனைச் சோதனைக்காகப் பொருத்தியிருந்தோம். முதலில், "பாத்திரம் கழுவ, மாட்டுக்கு வைக்க மட்டும்" என்று சொல்லியிருந்தேன். முட்டைகள் பொரிந்த சேதியோடு ஓடினேன். அவர்கள் எதிரிலேயே ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துக் காட்டினேன்.

"இனிக் குடிக்கலாமுங்க" என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னது நான். வேறு யாருமில்லை!

மூன்று மாதம் போயிற்று. தொண்ணூறாம் நாள் தோட்டத்து வடிகலனிலிருந்து பிடித்து வந்த தண்ணீரில் செல்வராணி முட்டைகளை இட்டாள். இரண்டு நாள் கழித்து என் அறைக்கு வந்து கதவோரமே நின்றாள்.

"மேடம், கொஞ்சம் வந்து பாக்கீங்களா?"

பார்த்தேன். பாதிக்கு மேல் செத்திருந்தன. மிஞ்சியவற்றின் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து வீங்கியிருந்தது. முதுகு வளைந்திருந்தது. ஒன்றின் இதயம் துடித்தது... விட்டு விட்டு.

"தட்டு சரியாக் கழுவியிருக்க மாட்டீங்க" என்றேன்.

அவள் புதுத் தட்டில் மறுபடி செய்தாள். அதே முடிவு. மூன்றாம் முறையும் செய்தாள். பிறகு சொன்னாள்: "கெணத்துத் தண்ணியில உப்பு ஜாஸ்தி மேடம். செம்புப் பூச்சு கரைஞ்சு வருதுன்னு நெனைக்கேன். அந்த வீட்டுல குடிச்சிட்டிருக்காங்க. மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க."

எவ்வளவு தெளிவான பேச்சு! நான் என்ன செய்திருக்க வேண்டும்? போனை எடுத்து ஒரே ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிட வேலை.

நான் எடுக்கவில்லை.

கட்டுரை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. திட்டத்தின் இரண்டாம் கட்டம் அதை நம்பி இருந்தது. என் வேலை அந்த இரண்டாம் கட்டத்தை நம்பி இருந்தது. மீன் கரு மிகவும் மெல்லியது, மனித உடம்பு அப்படியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செம்புக் குடத்தில் நம்மவர்கள் காலங்காலமாகக் குடிக்கவில்லையா என்றும் கேட்டுக்கொண்டேன். படித்த புத்தி இருக்கிறதே... தனக்கு வேண்டியதை எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்த்துவிடும்!

கட்டுரையில் புது மணிகளின் முடிவை மட்டும் எழுதினேன். செல்வராணி தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுதே?" என்று கேட்டார்.

அப்போதாவது... அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

"அவங்களுக்குக் கை சுத்தம் பத்தாதுங்க சார். தட்டுல கிருமி விழுந்திருக்கு" என்றேன். எழுத்தில் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அந்த மாதக் கடைசியில் செல்வராணியின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. போகும்போது நுண்ணோக்கிக்கு உறை போட்டு, மீன் தொட்டிக்குக் காற்று போகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

கட்டுரை வெளிவந்தது. கல்லூரி வாசலில் என் படம் போட்ட பேனர் கட்டினார்கள். படம் எடுப்பதற்காகக் கல்லூரியிலிருந்து என்னையும் ஒரு கேமராக்காரரையும் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கேதான் கோகிலாவைப் பார்த்தேன்.

ருக்மணியம்மாவின் ஒரே மகள். அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், கர்ப்பமாகி ஐந்தாம் மாதத்திலேயே அம்மா வீட்டோடு வந்துவிட்டாளாம். இங்கிருந்தே கொஞ்ச நாள் வேலைக்கும் போயிருக்கிறாள். நான் பார்த்தபோது வயிறு நன்றாகத் தெரிந்தது. கேமராக்காரர் அவள் கையில் டம்ளரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே குடித்தாள்.

"இன்னொரு வாட்டி குடிங்க, கை ஆடிருச்சு" என்றார் அவர்.

இன்னொரு டம்ளர் குடித்தாள். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன்!

நிறுத்தச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் வெளியூர் விருந்தினர்கள் வடிகலனைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வந்து, பார்த்து, பாராட்டிப் போன பிறகு, ஒரு நாள் தனியாகப் போய்க் கழற்றிக்கொண்டு வந்தேன். "சர்வீஸ் பண்ணோணுங்க" என்று பொய் சொன்னேன். ருக்மணியம்மா ஒரு பை நிறைய வெங்காயம் கட்டிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

செல்வராணியின் சோதனையை நானே செய்து பார்த்தேன், ஆய்வகத்தில் யாருமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில். அதே வீக்கம். அதே வளைவு. தட்டை மூன்று முறை கழுவியிருந்தேன். என் கை சுத்தமாகத்தான் இருந்தது.

கோகிலாவுக்கு எட்டாம் மாதமே பிரசவமாயிற்று என்று கேள்விப்பட்டேன். ஆண் குழந்தை. பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை. மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி.

அந்தத் தண்ணீரால்தானா? எனக்குத் தெரியாது. ஆம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. எட்டு மாதத்தில் பிறக்கும் குழந்தைகள் எத்தனையோ... காரணங்களும் எத்தனையோ... இதை எத்தனை முறை எனக்குச் சொல்லியிருப்பேன்! ஒரு முறைகூட மனசு கேட்டதில்லை.

ஒரு வருடம் இப்படியே ஓடிற்று. கடைசியில் செல்வராணியைத் தேடிப் போனேன். பனியன் துணியைத் துவைத்துச் சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனைக்கூடத்தில் இருந்தாள். சாப்பாட்டு வேளை. டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழவும் செய்தேன். அவள் அழவில்லை.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லுதீங்க?" என்றாள். "எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"என்னை மன்னிச்சிருங்க செல்வராணி."

"சாப்பாட்டு நேரம் முடியப் போவுது மேடம்" என்று உள்ளே போய்விட்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதினேன். துறைத்தலைவருக்கும் எழுதினேன், செல்வராணியைப் பற்றி நான் கொடுத்த கடிதம் பொய் என்றும் எழுதினேன். "சின்னத் திருத்தம் போட்டு முடிச்சுக்கலாமுங்களே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை போயிற்று. பேனரை எப்போது அவிழ்த்தார்கள் என்று தெரியாது. இதெல்லாம் கடினமாக இருக்கும் என்று பயந்திருந்தேன். இல்லை. கடினமானது குண்டடம் சாலையில் காத்திருந்தது.

போன வாரம் போனேன்.

ருக்மணியம்மா வாசலில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். "வாங்க அம்மிணி! எத்தன நாளாச்சு!" என்று பலகையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். தண்ணீரில் செம்பு கரைந்து வந்தது, எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை.

அவர் கை நின்றது.

"அப்ப... என்ற பேரன் அப்பிடிப் பொறந்தானே, அதுக்கு...?"

"அதனாலதான்னு சொல்ல முடியலீங்கம்மா. இல்லைன்னும் சொல்ல முடியலீங்க."

"படிச்சவீங்க. உங்களுக்கே தெரியாதுங்களா?"

அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாசமா இருக்கறப்ப ஸ்கூட்டரு ஓட்டீட்டு வேலைக்குப் போனதாலதான் இப்பிடி ஆச்சுன்னு அவ மாமியா ஏசறாங்க. இவளும் அதையே நெனச்சு நெனச்சு அழுகறா. வேலையையும் உட்டுப்போட்டா."

"நான் அவங்ககிட்டச் சொல்றேனுங்க. அவங்க மேல தப்பில்லைன்னு..."

"வேண்டாம்!" என்றார். அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. "தண்ணியக் குடு, தண்ணியக் குடுன்னு அவ கேக்கலீங்க. நாந்தான் நல்ல தண்ணி, குடி கண்ணுன்னு சொம்பு சொம்பா மோந்து குடுத்தேன். அது அவளுக்குத் தெரிஞ்சா என்ற மூஞ்சியில முழிப்பாளா? சொல்லிப்போடாதீங்க அம்மிணி. உங்க கால்ல வேண்ணாலும் உளுகறேன்."

என் காலில்! அவர்!

அதற்குள் உள்ளேயிருந்து கோகிலா வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. மெலிந்த கை, பெரிய கண். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நலம் விசாரித்தாள். பிறகு அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"மேடம், நீங்க இதெல்லாம் படிச்சவீங்க. ஒண்ணு கேக்கோணும். ஸ்கூட்டரு ஓட்டுனா வயித்துல இருக்கற கொளந்தைக்கு ஆகாதுங்களா?"

"அதனால இருக்காதுங்க" என்றேன்.

அவள் கண் விரிந்தது. "நெசமாலுமேங்களா? பின்ன எதனாலங்க?"

ருக்மணியம்மா நிமிரவில்லை. கத்தி மட்டும் தாளின்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியாதுங்க" என்றேன்.

உண்மைதான். ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அதுவா பதில்?... கோகிலா மெல்லத் தலையாட்டினாள். "மாமியா நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

நான் வண்டியை எடுத்தேன். பல்லடம் வந்து சேரும்வரை இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பிப் போகப் பார்த்தேன். போகவில்லை.

இந்த முறை ஒரு தாய்க்காகத்தான் வாயை மூடினேனா? அல்லது பழையபடி எனக்காகவேதானா? இதையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை... நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோகிலாவிடம் சொல்லவில்லை.