பல்லைக் கொண்டுவந்தது யார்

லோசலினிக்கு உட்காரத் தெரியாது. லம்பாசா என்ற தீவு ஊரின் இலவச சட்ட உதவி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக எழுத்தர் வேலை. அவளுடைய நாற்காலியின் மெத்தை மட்டும் இன்னும் புதுசு. வக்கீல்கள் வருவார்கள், இரண்டே வருடத்தில் தலைநகர் சுவாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போவார்கள். அடிபட்டவர்களைத் தேடிக் கிராமம் கிராமமாக அலைகிறவள் இவள்தான். காதில் பேனா, தோளில் பை, வாயில் யாருக்காவது ஒரு திட்டு.

அந்த வெள்ளிக்கிழமை திட்டு வாங்கியவன் அபிசாய். மர அறுவை ஆலையில் ரம்பம் அவனுடைய வலது கையில் மூன்று விரல்களைத் தின்று வருடம் ஒன்று ஆகிவிட்டது. நஷ்டஈட்டு மனுவுக்கு அன்று மாலை நாலு மணியோடு கெடு முடிகிறது. மனு தயார். கையெழுத்துப் போட வரச்சொல்லி மூன்று முறை சொல்லி அனுப்பியும் ஆள் வரவில்லை. முதல் பஸ்ஸில் அவளே கிளம்பிவிட்டாள்.

என்ன அவசரமானாலும் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைய முடியுமா? மரியாதைக்குக் கரைத்துக் குடிக்கும் கவா வேர் ஒரு கட்டு சந்தையில் வாங்கிக்கொண்டாள். அபிசாயின் பெரியப்பா மொசேசே அதை வாங்கி, வழக்கப்படி கை தட்டி, இடித்துக் கரைக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு சிரட்டை குடித்து முடியும் வரை வந்த காரியத்தை எடுக்கக்கூடாது. பாயில் அவளுடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. திரும்பும் பஸ் ஒரு மணிக்கு. அதை விட்டால் மனு குப்பைக்குத்தான்.

"என்னம்மா, பாய்க்குள்ள எறும்பா?" என்றார் மொசேசே, கடைசிச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு.

"எறும்பு இல்ல பெரியப்பா, கெடு. இன்னிக்கு இவன் கையெழுத்துப் போடலன்னா அவ்வளவுதான்."

அபிசாய் தலையைத் தூக்கவில்லை. வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்திருந்தான். "அது முடிஞ்சு போச்சுக்கா. திமிங்கலப் பல்லு வெச்சு மன்னிப்புக் கேட்டாங்க, நாங்களும் வாங்கிட்டோம். வாங்கின பொறவு கேஸ் போட்டா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சர்ச்சுக்குப் போறது?"

லோசலினிக்கு இது புதுசில்லை. பத்து வயதில் கேட்ட அதே பேச்சு. கொப்பரைக் கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அப்பாவின் இடுப்பு முறிந்தபோதும் இப்படி ஒரு பல் வந்தது. அப்பா வாங்கிக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் பதினொரு வருடம் ஜன்னலோரம் படுத்துக் கிடந்தார். அந்தப் பல் இன்னும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைத் திட்டியே வளர்ந்தவள் அவள். இங்கே அதைப் பழித்தால் காரியம் கெட்டுவிடும் என்று வாய்க்கு வந்ததை விழுங்கினாள்.

"கொண்டுவந்தது யாரு? முதலாளியா?" என்று வேறு வழியில்லாமல் கேட்டாள்.

"அந்த ஆளா! அவருக்கு எங்க வீடு எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்றார் மொசேசே. "மேஸ்திரி சகியூசாதான் வந்தான். ரம்பத்துப் பாதுகாப்பு மூடியைக் கழட்டச் சொன்னவன். வாசல்லயே உக்காந்து அழுதான். அவங்க அம்மா வீட்டுப் பல்லு அது."

முழங்கால் ஆட்டம் நின்றது.

"அப்ப நீங்க மன்னிச்சது சகியூசாவை. கம்பெனி உங்ககிட்ட மன்னிப்பே கேக்கலையே பெரியப்பா?"

"சகியூசா பேரு வெளிய வருமேக்கா," என்றான் அபிசாய். "நாங்க மன்னிச்சவனைக் காட்டிக்கொடுக்கவா?"

அவள் மனுவை அவன் மடியில் போட்டாள். "நீயே படி. எங்க வேலை பாத்த, என்ன அடி, எத்தனை மாசமா சும்மா இருக்க, இவ்வளவுதான் இதுல. யார் தப்புன்னு ஒரு கேள்வி இருந்தா காட்டு, கிழிச்சுப் போடறேன்."

அவன் இரண்டு முறை படித்தான். பெரியவர் கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். மணி பன்னிரண்டே முக்கால். கடைசியில் சம்மதமாகப் புருவத்தை ஒருமுறை உயர்த்தினார். அது போதும். அபிசாய் இடது கையில் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதினான்.

பஸ்ஸை ஓடித்தான் பிடித்தாள். மூன்றரைக்கு மனுவில் முத்திரை விழுந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வீடு வரைக்கும் ஏதோ அரித்துக்கொண்டே வந்தது.

அம்மா மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். லோசலினி பையைக்கூட இறக்காமல் பல் தொங்கும் சுவருக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்கு இதைக் கொண்டுவந்தது யாரு?"

"கூட மூட்டை தூக்கினவன்தான். அடுக்கை அவன் சரியா கட்டலையாம், பாவம். ஏன்டி, இப்ப என்ன?"

பல்லைக் கொண்டுவந்தது கிடங்கு முதலாளி இல்லை; அப்பாவும் நஷ்டஈடு கேட்டிருக்கலாம். பதினொரு வருடம் ஜன்னலோரம் கிடந்தார். இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஊரெல்லாம் அலைந்த அவளும் கேட்கவில்லை. லோசலினி பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.