துரை காட்டிய கரைப்பாதை

கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு வரும் பாதையைப் போல அழகான பாதை இலங்கையில் வேறில்லை என்று என் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. வெள்ளைக்காரர் ஆண்ட கடைசி வருடங்களில், அந்த அழகு முழுவதையும் நிறுத்தி நிறுத்தி எனக்குக் காட்டிவிட்டார்கள். அதன்பிறகு அதைப் பார்க்க எனக்கு ஆசை வந்ததே இல்லை.

குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டில் ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, தலைப்பிரசவம். முந்தின நாள் பிடித்த நோவு விடிந்தும் விடவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். மாட்டு வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து, கற்பிட்டிக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு துரையின் கார், எஞ்சினுக்குத் தண்ணீர் கேட்டு எங்கள் கிணற்றடியில் நின்றது. அல்லாஹ் அனுப்பிய கார் என்று உம்மா அழுதார்.

வாப்பா போய்க் கெஞ்சினார். ஆனால் பிள்ளைப்பேற்றைப் பற்றி அன்னிய ஆண்களிடம் வாய் திறப்பது எங்கள் ஆட்களுக்கு மானக்கேடு. உயிர் ஊசலாடும்போதும் மானம்தான் முன்னால் வந்து நின்றது. மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று வாப்பா சொன்னார். கொழும்பு டிரைவர் அதை இங்கிலீசில் சொல்ல, துரை உடனே சம்மதித்தார். நல்ல மனிதர். அதுதான் இன்றுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

முன்னால் அவர்கள் இருவர். வாப்பா உடுக்கும் சாரம் ஒன்றைத் திரையாகக் கட்டி, பின்னால் உம்மாவும் ராத்தாவும் நானும். வயிறு தெரியாதபடி ராத்தாவைப் போர்வையால் சுற்றியிருந்தார்கள். வாப்பாவுக்கு இடமில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கார் பாதையை விட்டுக் கரைப்பக்கம் திரும்பியது. காய்ச்சல்காரிக்குக் கடற்காற்று நல்லது என்று துரை சொல்கிறாராம். ராத்தா முனகும்போதெல்லாம் உம்மா அவள் வாயில் கையை வைத்து அடக்கினார்.

மணல்மேட்டடியில் கார் நின்றது. துரை மேலே ஏறிக் கடலைப் பார்த்துப் படம் எடுத்தார். மணல் வெயிலில் பளபளத்தது. நான் திரை இடுக்கால் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிறகு களப்புப் பக்கம் நிறுத்தினார். ஆழமில்லாத தண்ணீரில் இளஞ்சிவப்புப் பறவைகள் கூட்டமாக நின்றன. நோயாளியும் பார்த்தால் மனம் தெளியும், திரையை விலக்கட்டுமா என்று டிரைவர் கேட்டான். உம்மா பதறிப்போய் வேண்டாமென்றார்.

அங்கேதான் ராத்தாவுக்கு அலறல் எழுந்தது. உம்மா முந்தானையைச் சுருட்டி அவள் வாயைப் பொத்தினார். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உடு புள்ள, ஆம்புளைகளுக்குக் கேக்கும்" என்றார். அவருடைய கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ராத்தா என்னையே பார்த்துக்கொண்டு முனகினாள். துரை அவசரமில்லாமல் வந்து ஏறினார். உப்பளங்களைத் தாண்டும்போது இன்னொரு தடவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ராத்தாவின் உயிரைக் காப்பாற்றினார். பிள்ளை ஆண், வரும் வழியிலேயே அடங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார். ஏன் சுணங்கினீர்கள் என்று கேட்டதற்கு, பாதை தூரம் என்று உம்மா சொன்னார். துரை அதற்குள் புறப்பட்டுவிட்டார். காய்ச்சல்காரிக்கென்று தோடம்பழம் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ராத்தா நடக்கத் தேறியதும் மாட்டு வண்டியில் ஊர் திரும்பினோம். பாலாவியைத் தாண்டினோம். அப்போது ராத்தா, யாரையோ பற்றிக் கதைப்பதுபோலச் சொன்னாள்:

"நீங்க என்ட வாயப் பொத்தாம உட்டிருந்தா, அந்த மனுசன் காரை ஓரெடத்திலயும் நிப்பாட்டியிருக்க மாட்டாரு உம்மா."

"ஓம் மகள்" என்றார் உம்மா.

பால் கட்டி, ராத்தாவின் சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிடுவார் என்று உம்மா அவசரமாகப் போர்வையை இழுத்து அதை மூடினார்.