கியருக்கு எந்த கிரீஸ்

ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் கிரீஸைத் தவிர வேறு பேச்சு இல்லை. அப்பா திண்டிவனத்தில் சொந்தமாக ஒரு வாடகைக் கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது. கியர் இறுகுகிறது, மூன்றாவது விழவே மாட்டேன் என்கிறது என்று ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் காருக்கு அடியில் படுத்தார். நான் துணியும் டப்பாவும் எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் டிராக்டருக்குப் போடும் கறுப்பு கிரீஸ். கியர் கம்பிகள் சேரும் மூட்டுகளில் அதை அப்பிவைத்தார். இரண்டு நாள் பரவாயில்லை என்றார். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

கூட்டேரிப்பட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "இவ்ளோ கெட்டியா போட்டா ரோட்டுப் புழுதியெல்லாம் ஒட்டிக்கினு களிமண்ணாயிடும்ண்ணா." டீசல் நனைத்த துணியால் அத்தனையும் துடைத்தெடுத்து, இளக்கமான வெள்ளை கிரீஸைத் தடவினார். ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அப்பா ஓட்டினார். இறுகுகிறது என்றார். பிறகு வேறொரு டப்பா, அதற்கும் பிறகு விழுப்புரத்திலிருந்து இன்னொன்று. கடைசியில் சித்தப்பாவுக்கே பொறுமை போய்விட்டது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கிளட்சை மிதித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், "நீ போட்டுப் பாரு" என்றார். போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் சுலபமாக விழுந்தன.

"ஒனக்கு லூசா கீதா?"

"ஆமாம்ப்பா. எனக்கு ஒன்னவிட பலம்."

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் கிளட்சை மிதித்து "ரெண்டு" என்பார், நான் இரண்டாவதைப் போடுவேன். எதற்கெடுத்தாலும் திட்டும் அம்மா இதைப் பார்த்தும் திட்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதத்தில் காரை விற்றார்கள். வாங்க வந்தவர் இரண்டே விரலால் கியரை மாற்றிப் பார்த்தார். "வெண்ண மாதிரி கீதே, இன்னா போட்டீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "நானும் அப்பாவும் வெள்ளை கிரீஸ் போட்டோம்."

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். இடது கை அதுபாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நரம்பு செத்துக்கொண்டே வருகிறது, வைத்தியம் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை அப்பாவும் அம்மாவும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அதற்கு எந்த கிரீஸ் போட வேண்டும் என்றுதான் கேட்டிருப்பேன்.