மிதந்த மேடையும் என் ஸ்பேனரும்

கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் பலகைக்கு அடியில் லோரி கித்தானைப் பொருத்தி, இலை ஊதும் மெஷினை இணைத்து, காற்றில் மிதக்கும் மேடை ஒன்று செய்தேன். இரண்டு அரிசி மூட்டைகளோடு அது விரலளவு எழும்பியதும் அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள். மறுகணமே கித்தான் கிழிந்து மேடை தரையில் மோதியது. எல்லோரும் சிரித்தார்கள்.

உதவிக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி குமாரோடு முதல்நாள்தான் சண்டை போட்டிருந்தேன்.

"நீதான்டா கித்தான அறுத்த!" என்று அவனிடம் கத்தினேன்.

ஸ்பேனரால் அவன் வாயில் ஓங்கி அடித்தேன். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். பல் ஒன்று சிமெண்டில் தெறித்தது.

என் மனைவி மூட்டைகளைத் தள்ளிவிட்டு மேடையைப் புரட்டினாள். "பாருங்க! நீங்க போட்ட ஸ்க்ரூதான் கிழிச்சிருக்கு!" அதன் முனை பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் குமார், "வழுக்கி விழுந்துட்டேன், டாக்டர்" என்றான்.

அதன்பிறகு அவன் என்னோடு பேசியதில்லை. அந்தப் பொய்யை அவன் தன் அக்காவுக்காகத்தான் சொன்னான். எனக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும்.