திருவனந்தபுரத்தில் விட்டு வந்த குரல்

நம் சபைப் பெண்கள் சங்கத்திலிருந்து அடுத்த வருஷம் திருவிதாங்கூருக்கு ஊழியத்துக்குப் போக எண்ணியிருக்கும் சகோதரிகள் சிலர் என்னிடம் வழி விவரம் கேட்டார்கள். நின்று பேச முடியாத நிலையில் இருப்பதால் எழுதித் தருகிறேன். வழியைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மற்றதைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

நான் புறப்பட்டது சென்ற ஜூன் மாத முதல் வாரம். எனக்கு வயது நாற்பத்து நான்கு. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலை ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவளும் நானே. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரல்தான் என் பிழைப்பு. இரண்டு மாத விடுப்பு வாங்கிக்கொண்டு, திருவனந்தபுரத்திலுள்ள ஒரு சின்னத் தமிழ்ச் சபையில் பெண்களுக்கு வேதபாடமும் பாட்டும் கற்பிக்கப் போனேன். நான் போனால்தான் அங்கே வேலை நடக்கும் என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை; கர்த்தரிடம் மட்டும் வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் மாலை ரயில் ஏறினால் மதவாச்சியில் மாறி, விடியும்போது தலைமன்னார் துறையில் இறங்கலாம். கடல் இருபத்திரண்டு மைல். கப்பல் இரண்டு மணி நேரத்தில் தனுஷ்கோடி சேர்த்துவிடும். எனக்கு அன்று கடல் சரியில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். தனுஷ்கோடியில் சுங்கக்காரர் பெட்டியைக் கிளறுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இரவு தங்கி, மறுநாள் தென்காசி, செங்கோட்டை வழியாக மலை ஏறி இறங்கும் வண்டியைப் பிடிக்க வேண்டும். மலைக் குகைகளில் ரயில் நுழையும்போது ஜன்னலை மூடாவிட்டால் கரிப்புகை தொண்டையில் இறங்கும். நான் மூடவில்லை. மலையைப் பார்க்க ஆசை.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாட்டுவண்டிக்காரர் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பொஸ்தகமோ கல்லோ?" என்று கேட்டார். பழவங்காடி பிள்ளையார் கோயில் முக்கைத் தாண்டி, சபை வளவு வரை எட்டுச் சக்கரம் வாங்கினார். அங்கே ராஜ்யத்துப் பணம் சக்கரம். நம் ரூபாய்க்கு இருபத்தெட்டுக்கு மேல் கிடைக்கும். மதுரையிலேயே மாற்றிக்கொள்ள முயலாதீர்கள், அங்கே போய் மாற்றலாம்.

என்னை ஏற்றுக்கொண்டவர் ரோசம்மாள். நாஞ்சில் நாட்டுக்காரி, ஐம்பது வயது விதவை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசிப்பதும் தையல் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலை. வந்த அன்றே என் குரல் கட்டியிருந்ததைக் கவனித்து, சுக்குக் கஷாயம் போட்டுத் தந்தார். இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்கச் சொன்னார், பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கு அது அவமானமாகப் பட்டது. கடல் தாண்டி வந்தது கிடக்கவா? மறுநாள் காலையே வகுப்பைத் தொடங்கினேன்.

ஜெபக்கூடத்துக்குத் தகரக் கூரை. நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். இரண்டாம் பாட்டில் மழை வலுத்தது. தகரத்தின் மேல் கல் கொட்டுகிற இரைச்சல். நான் நிறுத்தவில்லை. மழைக்கு மேல் பாடினேன், பாடத்தையும் மழைக்கு மேல் கத்திச் சொன்னேன். மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் உச்ச ஸ்வரத்தில் தொண்டைக்குள் ஏதோ பிய்ந்தது. வலி பெரிதாக இல்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பெண்கள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, நான் இல்லாமலே பாட்டை முடித்தார்கள். நன்றாகவே பாடினார்கள்.

வைத்தியர் தமிழர், வயதானவர். தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்து, குரல் நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். "கம்ப்ளீட் ரெஸ்ட். கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, பாடில்லா. ஒரு மாசம் கழிஞ்சு பாக்கலாம்." குரல் திரும்புமா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். பார்க்கலாம் என்பதையே மறுபடியும் சொன்னார்.

அந்த மாதத்தைப் பற்றி எழுதுவது கடினம். மழை விடவில்லை. துணி காயவில்லை. ரோசம்மாள் காலையில் கஞ்சி வைத்துவிட்டுப் போவார், மாலையில் நனைந்து வந்து மறுபடியும் எனக்குக் கஞ்சி வைப்பார். ஊழியம் செய்ய வந்தவளுக்கு ஊழியம் செய்வது அவருடைய அதிகப்படி வேலையாயிற்று. நான் ஜெபம் செய்ய முயன்றேன். குரல் இல்லாத ஜெபம் எனக்குப் பழக்கமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் கேட்காத ஜெபத்தை நான் அதிகம் செய்ததே இல்லை போலும். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆறுதல் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாயிருக்கும். வரவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். சனிக்கிழமை மாலை ஊழியக்காரர் எல்லோரும் கூடி, அந்த வாரம் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். செய்ததாகச் சொல்ல ஒன்றும் இல்லாதவர், "ஜெபத்தில் தாங்கினேன்" என்று சொல்லி உட்கார்வது நம் எல்லாச் சபைகளிலும் உள்ளதுதான். முதல் சனிக்கிழமை நானும் அதைச் சிலேட்டில் எழுதி ரோசம்மாளிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உரக்க வாசித்தார். ஸ்தோத்திரம் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில், "எப்பம் தாங்கினிய டீச்சரே? நான் பாத்தப்பம் எல்லாம் ஒறங்கிட்டுல்லா கெடந்திய," என்றார். கேலிதான். ஆனால் அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் வாரம், கூரையையே பார்த்துக் கிடந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று என்னையும் வலியசாலைக்குக் கூட்டிப்போனார். அங்கே அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் பெண்களுக்குப் பூத்தையல் கற்றுக்கொடுத்து வந்தார். எங்களை வாசலை அடுத்த ரேழி வரைதான் விடுவார்கள். தனிப் பாய் போடுவார்கள். நாங்கள் எழுந்து போனபின் அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள் என்று ரோசம்மாள் முன்னமே சொல்லியிருந்தார். அந்த வீட்டு மாமி அண்மையில் மூத்த மகளைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர் என்பதையும் சொல்லியிருந்தார்.

மாமி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தேன். "மௌனவிரதமாக்கும்?" என்றார். ரோசம்மாள் வியாதி என்று விளக்கினார். மாமி அதை ஏற்கவில்லை. "வியாதின்னு சொல்லிக்கறதும் விரதத்தில சேர்ந்ததுதான், கேட்டோ. பெரியவாள்ளாம் அப்படித்தான் சொல்லிப்பா." அதன்பின் எனக்கு மட்டும் பாய்க்கு மேல் ஒரு விரிப்பு வந்தது. என் வாழ்நாளில் யாரும் எனக்குக் கொடுத்த மரியாதைகளில் அதுபோலத் தகுதியில்லாமல் வாங்கியது வேறில்லை.

அடுத்த வாரம் ரோசம்மாள் ரேழியின் மறுகோடியில் பெண்களுக்கு நூல் கோத்துக்காட்டிக்கொண்டிருந்தபோது, மாமி என் எதிரே தரையில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க விரதம். ஆருகிட்டயும் சொல்ல மாட்டேள். அதான் உங்ககிட்ட சொல்றேன்."

மகளைப் பற்றிச் சொன்னார். அதோடு வேறொன்றும் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அழாமல் சொன்னார். எனக்கு வாயில் ஒரு வசனம் வந்து நின்றது. இருபது வருஷமாகத் துக்க வீடுகளில் சொல்லும் வசனம். சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன், அவரும் எழுந்து உள்ளே போயிருப்பார். முடியாததால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரைத் தொடவும் கூடாது. சிறிது நேரம் கழித்து, "சரி, அடுப்பில பாலிருக்கு," என்று எழுந்து போனார். அவருக்கு ஏதாவது குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை வைத்தியர் மறுபடியும் கண்ணாடி விட்டுப் பார்த்தார். மெதுவாகப் பேசலாம், நாலு பேர் உள்ள அறையில் கேட்கும். வகுப்பறைக் குரல் இனி வராது, பாட்டு வேண்டவே வேண்டாம் என்றார். நான் வெளியே வந்து, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மழை விடும் வரை நின்றேன். விட்டபிறகும் நின்றேன்.

மறுநாள் சனிக்கிழமைக் கூட்டம். கூட்டத்துக்குப் போகும் வழியில், மாமி என்னிடம் பேசியதை அன்று தூரத்திலிருந்து பார்த்திருந்த ரோசம்மாள் மகிழ்ச்சியோடு, வலியசாலை வீட்டு மாமி மனம் திறந்ததைச் சொல்லிவிடலாம், இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் தனக்கே கிடைக்காதது அது என்றார். சொல்லியிருந்தால் எல்லோரும் எழுந்து நின்று ஸ்தோத்திரித்திருப்பார்கள். ஊருக்கும் எழுதியிருப்பார்கள். குரலை இழந்ததற்கு ஒரு அர்த்தம் கிடைத்திருக்கும். எனக்கு அந்த அர்த்தம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

என் முறை வந்ததும் ரோசம்மாள் எனக்காக எழுந்தார். நான் அவர் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு நானே எழுந்தேன். தேய்ந்த குரல் ஒன்று வந்தது. என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"நான் ஒண்டும் செய்யேல்லை."

வழக்கமாக வரும் ஸ்தோத்திரம் வரவில்லை. பிறகு ரோசம்மாள் மட்டும், தரையைப் பார்த்தபடி, "ஸ்தோத்திரம்" என்றார்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தூக்கம்தான். மீதி நாட்களில் பழைய பயங்கள் திரும்பி வந்தன. ஊருக்கு வந்தபின்னும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பை வேறொருவர் எடுக்கிறார். எனக்கு என்ன வேலை தருவார்கள், தருவார்களா என்பது இன்னும் தெரியாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன், ஜூலை வேண்டாம்; தை, மாசியில் போங்கள். குடை இரண்டு கொண்டுபோங்கள். பாட்டுப் புத்தகங்கள் அங்கே நிறைய இருக்கின்றன, சுமக்க வேண்டாம். நீங்கள் இல்லாமலே அங்கே வேலை நடக்கிறது, நன்றாக நடக்கிறது. போய் இறங்கியதும் இரண்டு நாள் படுங்கள். வைத்தியரிடம் கடைசியாக விடைபெறும்போது, ரோசம்மாள் சொன்னபடி முதல் இரண்டு நாள் படுத்திருந்தால் என் குரல் தப்பியிருக்குமா என்று கேட்டேன். இல்லையென்று சொல்வார், அதைக் கேட்டு மனம் ஆறலாம் என்றுதான் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, "தப்பியிருக்கும்," என்றார்.